ஆப்னியா: திணறலா, தடையா, நிறுத்தமா?

பெரியப்பாவின் குறட்டை பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். பெரியம்மா அதற்காக ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. “சத்தம் வருகிறவரை நான் தூங்குவேன். நின்றுவிட்டால்தான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்” என்பார். சத்தம் அறுந்த பிறகும் பெரியப்பாவின் மார்பும் வயிறும் ஏறி இறங்கும். மூக்கருகே விரலை வைத்தால் காற்றே இருக்காது. பெரியம்மா எண்ணத் தொடங்குவார். இருபதைத் தாண்டும்போது பெரிய செருமலோடு காற்று உள்ளே பாயும். காலையில் கேட்டால், “நன்றாகத்தானே தூங்கினேன்” என்பார் பெரியப்பா.

மருத்துவமனையில் கொடுத்த தாளில் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற நோய்ப் பெயரைத் தமிழில் ‘தூக்கத்தில் மூச்சுத்திணறல்’ என்று அச்சிட்டிருந்தது. “எனக்கு எங்கே திணறல்?” என்று மடித்து வைத்துவிட்டார். அவர் சொன்னது சரி, தாள்தான் தவறு. திணறல் நோயாளி உணர்வது. அதற்கு மருத்துவத்தில் ‘டிஸ்ப்னியா’ என்று வேறு சொல் இருக்கிறது. ஆப்னியா என்பது காற்றோட்டம் குறைந்தது 10 விநாடி நின்றுபோவது. பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் அது தெரியும்.

கிரேக்கத்தில் ‘ப்னோயே’ என்றால் மூச்சு. முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிப்பது. நாம் வடமொழி வழியாக நீதியை அநீதி ஆக்குகிறோமே, அதே ‘அ’தான். உயிரெழுத்துக்கு முன்னால் அது ‘அன்’ ஆகிவிடும்: கிரேக்கத்தில் அனீமியா, நம்மிடம் அனிச்சை. இச்சை இல்லாமல் நடப்பது அனிச்சைச் செயல். இந்த நோயின் சூட்சுமமே ஓர் அனிச்சைச் செயலில் இருப்பதால்தான் இதை இழுத்தேன்.

மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைக்கு அப்படித் தாங்கல் இல்லை. அங்கே தசை மட்டும்தான். நனைந்த காகித ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்ளும் அல்லவா? மூச்சை இழுக்கும்போது தொண்டைக்கும் அதே ஆபத்து உண்டு. உறிஞ்சும் அழுத்தத்தைத் தொண்டையின் உள்தோலிலுள்ள நரம்புகள் உணர்ந்து தகவல் அனுப்ப, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தசை நாக்கை முன்னுக்கு இழுத்து வழியைத் திறந்து வைக்கிறது. இதுதான் அந்த அனிச்சைச் செயல்.

உடல் பருமனானவர்களுக்கு நாக்குக்குள்ளும் தொண்டைச் சுவர்களிலும் கொழுப்பு சேர்ந்து வழி குறுகுகிறது. தொப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் காற்று குறைகிறது. மூச்சுக்குழாயைக் கீழே இழுத்துத் தொண்டையை விறைப்பாக வைத்திருந்த பிடியும் தளர்கிறது. விழித்திருக்கும்போது அந்த அனிச்சைச் செயல் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். தூங்கியதும் அது மங்கும், கனவுத் தூக்கத்தில் இன்னும் மோசம். ஆண்டுக்கணக்கான குறட்டையின் அதிர்வில் அந்த உணர்வு நரம்புகளே தேய்ந்துபோவதும் உண்டு. மயக்க மருந்தும் அந்த அனிச்சைச் செயலை மங்கவைக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கவியல் டாக்டரிடம் குறட்டையைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படக் கூடாது. ஒல்லியானவர்களுக்கும் இது வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரின் வரலாறு சுவையானது. 1956இல் அமெரிக்க மருத்துவர்கள், பருமனும் பகல் தூக்கமும் மூச்சுக் குறைவும் சேர்ந்த ஒரு நிலைக்கு ‘பிக்விக்கியன்’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் நின்றபடியே தூங்கும் குண்டுப் பையன் நினைவுக்கு வந்ததுதான் காரணம். தூக்கத்தில் தொண்டை அடைபடுவது 1965இல்தான் பதிவானது. 1981இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், முகமூடி வழியே காற்றை அழுத்தி வழியைத் திறந்து வைக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார்.

தமிழில் என்ன சொல்வது? ‘மூச்சுத்தடை’ அடைப்பால் வருவதற்குப் பொருந்தும்; மூளை கட்டளை அனுப்ப மறந்து நிற்கும் வகைக்குப் பொருந்தாது, அங்கே தடையே இல்லை. ‘மூச்சிழப்பு’ சாவு வீட்டை நினைவூட்டுகிறது. என் தேர்வு ‘மூச்சுநிறுத்தம்’. பஸ் நிறுத்தம் போல நின்று மறுபடி புறப்படுவது. பெரியப்பாவுக்கு வந்தது அடைப்புவகை உறக்க மூச்சுநிறுத்தம். ‘தூக்க’ என்றாலும் தவறில்லை: சங்கத் தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், இங்கே நாக்கும் உள்நாக்கும் செய்வது அதைத்தானே!

பெரியம்மா டாக்டரிடம் சொன்னது இதுதான்: “தூங்கும்போது இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது.”