திவான்: கணக்கேடு பதவியான விதம்

பெங்களூரு சேஷாத்ரிபுரத்தின் பெயருக்குக் காரணமான சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவான். கப்பன் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதே ஊரில் மரச்சாமான் கடைக்குப் போய் 'திவான் இருக்கா?' என்று கேட்டால், மெத்தை போட்ட கட்டில் ஒன்றைக் காட்டுவார்கள். அரசனுக்கு அடுத்த பதவிக்கும் கட்டிலுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: ஆகுபெயர். ஒன்றின் பெயர், அதோடு ஒட்டிய இன்னொன்றுக்கு ஆகிவருவது. கர்நாடகச் சட்டமன்றக் கட்டடத்தின் பெயரைச் சொல்லி 'விதான சவுதா இன்னும் பதில் சொல்லவில்லை' என்கிறோமே, கட்டடமா பேசும்?

பாரசீகத்தில் திவான் என்றால் முதலில் பதிவேடு. 7ஆம் நூற்றாண்டில் கலீஃபா உமர் படைவீரர்களின் பெயரையும் சம்பளத்தையும் எழுதி வைக்கச் செய்த ஏட்டுக்கும் அதே பெயர்தான். ஏட்டின் பெயர் அது இருந்த அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து அதன் தலைவருக்கு. முகலாய மாகாணங்களில் படை ஆளுநரான சுபேதாரிடம், வரிக்கணக்கு திவானிடம். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த 'திவானி', வங்காளத்தின் வரிவசூல் உரிமைதான். வரி கைக்கு வந்தபின் ஆட்சியும் கைக்கு வர வெகுகாலம் பிடிக்கவில்லை.

சொல் மேற்கேயும் போனது. மத்தியதரைக் கடல் வணிகர்களுக்கு அரசாங்கம் என்றால் சுங்கம் கட்டும் இடம். அதனால் இத்தாலியில் 'தோகானா', பிரெஞ்சில் 'துவான்', ஸ்பானிஷில் 'அதுவானா' எல்லாம் சுங்கத்துறை. துருக்கிய அரசவைக்கும் திவான் என்றே பெயர். அங்கே போனவர்கள் கண்டது சுவரோரம் மெத்தையிட்ட நீள இருக்கை. கடையில் விற்கும் திவான் அதுதான். ஒரு கவிஞரின் கவிதைகளைத் திரட்டிய ஏடும் பாரசீகத்தில் திவானே.

எழுத்தர்கள் முணுமுணுத்தபடி கணக்குப் போடுவதைக் கண்ட பாரசீக மன்னர் ஒருவர் 'தீவானே', அதாவது பைத்தியங்கள், என்றாராம். பெயர் அப்படி வந்ததென்று ஒரு பழைய கதை உண்டு. சுவையான கதை, ஆனால் ஏற்பதற்கில்லை. பழைய பாரசீகத்தில் எழுத்துக்கும் கல்வெட்டுக்கும் 'திபி' என்று பெயர். திவான் அதிலிருந்து கிளைத்தது என்பதே வலுவான கருத்து. நம் 'லிபி'யும் அந்தத் திபிதான். அசோகரின் வடமேற்குக் கல்வெட்டுகளில் 'திபி' என்றே இருக்கிறது. இங்கே கர்நாடகத்தில், சித்திரதுர்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில், அசோகரின் கல்வெட்டை எழுதிய சபடன் தன் பெயரோடு 'லிபிகர', அதாவது எழுத்தர், என்ற தொழிற்பெயரையும் பொறித்திருக்கிறான். சுற்றிலும் பிராமி, அந்த ஒரு சொல் மட்டும் வடமேற்கின் கரோஷ்டி எழுத்தில்.