நோய் திரும்புவதற்குப் பெயர் மீட்சியா?

மூக்கு, சைனஸ் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களுக்காகத் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ‘ரெக்கரன்ஸ்’ என்பதை, அதாவது போன நோய் திரும்ப வருவதை, ‘மீட்சி’ என்று போடும் பழக்கம் எரிச்சலூட்டுகிறது. ‘மீட்சிக்கான அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? உடம்பு தேறுகிறது, நல்லதுதானே, அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான்.

ரெக்கரன்ஸ் லத்தீன் வழி வந்த சொல். ‘ரெ’ என்றால் மீண்டும், ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். திரும்ப ஓடிவருவது, அவ்வளவுதான்.

மீட்சியை ஆதரிப்பவர்கள் இலக்கணம் பேசுகிறார்கள். ஆள் என்பதிலிருந்து ஆட்சி வந்த மாதிரி மீள் என்பதிலிருந்து மீட்சி வந்தது, மீள்வது என்றால் திரும்புவதுதானே என்கிறார்கள். சரி, வேர் அப்படித்தான். வழக்கு எங்கே போனது? பொருளாதார மீட்சி என்கிறோம், கடனிலிருந்து மீண்டார் என்கிறோம், இழுத்துவிட்ட கம்பிச்சுருள் பழைய நிலைக்கு வருவதை இயற்பியலில் மீட்சி என்கிறோம், எல்லா இடத்திலும் கெட்டதிலிருந்தோ இழுபட்டதிலிருந்தோ முந்தைய நிலைக்கு வருவதுதான் பொருள். போதாததற்கு, சிகிச்சை முடிந்து நலமானவரை ‘புற்றுநோயிலிருந்து மீண்டவர்’ என்றும் எழுதுகிறோம். மீண்டவருக்கு மீட்சி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? அகராதியில் இடம் இருக்கிறது என்பதற்காக நோயாளியைக் குழப்பும் சொல்லைத் தூய தமிழ் என்று கொண்டாட முடியாது.

‘மறுநிகழ்வு’ இந்த அளவுக்கு மோசமில்லை, எதிர்ப்பொருள் தராது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்கள் மறுபடி வளர்வதை நிகழ்வு என்பது ஒட்டவில்லை.

‘நோய் திரும்பல்’ போதும். நோய் திரும்பியது, திரும்பிய நோய், திரும்பும் வாய்ப்பு என்று எல்லா வடிவமும் தானாக வந்துவிடுகிறது. மக்கள் பேச்சிலும் ‘திரும்ப வந்துடுச்சு’ என்றுதான் இருக்கிறது.

இந்த நோயில் சொல் தெளிவு கூடுதலாகவே வேண்டும். ஒரு பக்க மூக்கடைப்பு, ரத்தம் கலந்த சளி, கன்னம் மரத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது எல்லாம் நோய் திரும்பியதன் அறிகுறியாக இருக்கலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டுவது சாதாரணம் என்பதால் முதல் இரண்டையும் எளிதில் அலட்சியப்படுத்திவிடுவார்கள். பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளில்தான் திரும்புகிறது, அதனால்தான் அப்போது அடிக்கடி எண்டோஸ்கோப்பி, அதாவது மூக்குக்குள் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, பார்க்கிறார்கள், தேவைக்கேற்ப எம்ஆர்ஐயும் எடுக்கிறார்கள். சுரப்பிகளில் தோன்றும் அடினாய்டு சிஸ்டிக் என்ற புற்றுநோய் வகை 10 ஆண்டு கழித்துக்கூடத் திரும்பி வரலாம். இந்த நீண்ட பார்வைக்குத் ‘தொடர் கண்காணிப்பு’ என்பது பொருத்தமான பெயர், அதில் எனக்குச் சண்டை இல்லை.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பதையும் நிறுத்த வேண்டும். சிகிச்சையில் முழுதாகப் போகாமல் நின்றது ‘எஞ்சிய நோய்’. தொடர்பில்லாமல் வேறொன்று புதிதாக முளைத்தால் ‘இரண்டாம் புற்று’. போனதாகத் தெரிந்து மறுபடி வந்தால்தான் ‘திரும்பல்’. மூன்றுக்கும் அடுத்த சிகிச்சை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.