பாலம் ஏறும்போது மட்டும் ஏன் மிஸ்ஸிங்?

மண்டபத்தில் கடலோரமாக இரவெல்லாம் நின்ற பைக்கை விடியற்காலையில் எடுத்துக்கொண்டு பாம்பன் சாலைப் பாலத்தில் போனால், படகுகள் அடியில் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்களே, அந்த மேட்டில் வண்டி இழுக்காமல் விட்டுவிட்டு அடிக்கும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு வெயிலில் திரும்பி வரும்போது அதே மேட்டில் ஜம்மென்று ஏறும். என் வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க இப்படித்தான் செய்தது. பெட்ரோலில் தண்ணீர் இருக்குமோ என்று இரண்டு முறை கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியும் மாற்றமில்லை. கோளாறு, சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்கில் இருந்தது, அதுவும் பிளக்கின் வெளிப்பக்கத்தில்.

ஏன் மேட்டில் மட்டும்? பிளக் முனையில் இருக்கிற இடைவெளி பெரும்பாலான பைக்குகளில் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். இக்னிஷன் காயில் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றித் தருகிறது, ஆனால் எப்போதும் ஒரே அளவாக அல்ல. எங்காவது ஓரிடத்தில் மின்சாரம் பாய்கிற வரைக்கும் வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போகும். கண்மாயில் தண்ணீர் ஏறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக் முனையின் இடைவெளிதான் கலுங்கு. தண்ணீர் அங்கே வழிந்தால் சரி. கலுங்கு மட்டத்தைத் தொடுவதற்கு முன்பே கரை பலவீனமான இடத்தில் உடைத்துக்கொண்டால் கலுங்குக்கு ஒன்றும் வராது. சிலிண்டருக்குள் பொறி விழாது, உள்ளே போன பெட்ரோல் எரியாமலே வெளியே போய்விடும். அதுதான் மிஸ்ஸிங்.

இந்தக் கலுங்கின் உயரம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் விஷயம். காற்று எவ்வளவு அழுத்தமாக அமுக்கப்பட்டிருக்கிறதோ, அதற்குள் பொறி பாய அவ்வளவு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும், சிலிண்டருக்குள் அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும். சும்மா ஐடிலில் நிற்கும்போது திராட்டில் மூடியிருப்பதால் உள்ளே போகிற காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, எதிர்க்காற்றில், முழுதாக முறுக்கி மேடு ஏறும்போது சிலிண்டர் நிறையக் காற்று ஏறி அழுத்தம் கூடுகிறது, கலுங்கு உயர்ந்துவிடுகிறது. கரையின் பலவீனம் அப்போதுதான் தெரியவரும்.

சரி, கரை எங்கே உடைகிறது? பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலும், அதை மூடுகிற ரப்பர் கேப்பிலும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுக் கல்லுப்பு ஜாடி தண்ணீர் விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கிற ஈரத்தை அப்படி இழுத்துக்கொள்ளும். கடற்காற்றில் வந்து பீங்கான் மேல் படிந்த உப்பும் அதையே செய்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் முனைக்குப் போக வேண்டியது பீங்கானின் மேலோடு இறங்கி இன்ஜின் உலோகத்துக்குப் போய்விடுகிறது. இன்ஜின் சூடானதும் ஈரம் காய்ந்து வழி அடைபடும். பத்து மணிக்கு வண்டி நல்ல பிள்ளையானதன் காரணம் இதுதான்.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. இருட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து, கேப்பையும் வயரையும் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். நீல நிறத்தில் மெல்லிய பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஸ்பிரேயரில் கொஞ்சம் தண்ணீரைப் புகைபோல அடித்துப் பாருங்கள், அப்போது மிஸ்ஸிங் வந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்துப் பார்த்து, ‘பொறி வருகிறது, பிளக் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். வெளிக்காற்றில் பாய்கிற பொறி அழுத்தத்தில் பாயும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வேறு வரும், அருகில் பொறி விழுவது ஆபத்து.

உட்பக்க முனையையும் பார்த்துவிடுங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும், பிளக்கை மாற்றிப் பயனில்லை. வெளுத்துப்போய்க் கொப்புளம் விட்டிருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அப்புறம், முனை தேய்ந்து இடைவெளி அகன்றாலும் கலுங்கு உயரும், மேட்டில் அதே மிஸ்ஸிங்தான் வரும்.

உப்பு மட்டும்தான் காரணம் என்றால் பீங்கானை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, கேப்பின் உள்ளே கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். ரப்பரில் மயிரிழைபோலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் கேப்பை மாற்றிவிடுங்கள். அது பொறி ஓடி ஓடிக் கரியாகிப்போன தடம், துடைத்தால் போகாது. புது பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகு கையாலேயே முழுதாகத் திருகி, வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரில் அரைச்சுற்று மட்டும் முறுக்குங்கள். ஹெட்டில் இருப்பது அலுமினியம், மரை போனால் செலவு பெரிது. நான் ரப்பர் கேப்பை மாற்றினேன், பீங்கானைத் துடைத்தேன். அடுத்த நாள் பனி கொட்டிக்கொண்டிருந்த காலையில் முழுதாக முறுக்கியே பாலத்தில் ஏறினேன், ஒரு அடிகூட விடவில்லை.