கணக்கில் இருக்கிறது, கையில் இல்லை

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். படிக்க வெளிநாடு போன பிள்ளைக்காகப் பதறியடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்த பெற்றோரில், பணமே இல்லை என்று வந்தவர்கள் குறைவு. கணக்கில் பணம் கிடக்கிறது, பிள்ளையால் எடுக்க முடியவில்லை என்று வந்தவர்களே அதிகம்.

ஒரு மாணவியின் கதை இன்னும் நினைவில் இருக்கிறது. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், விடுதி வாடகையை இணையத்தில் கட்டப் பார்த்தாள். ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.), வங்கியில் பதிவாகியிருந்த அப்பாவின் எண்ணுக்குப் போனது. அவருக்கு அப்போது நள்ளிரவு. அவர் விழித்து அந்தக் கடவுச்சொல்லைச் சொல்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. சில முறை தவறியதும் கார்டு முடங்கியது. வாடிக்கையாளர் சேவையை அப்பா அழைத்தால், "கணக்கு உங்களுடையது இல்லையே" என்றார்கள். மகள் அழைத்தால், "பதிவான எண்ணிலிருந்து அழையுங்கள்" என்றார்கள். இரண்டு பதிலும் விதிப்படி சரிதான். அந்தச் சரிகளுக்கு நடுவே அவள் இரண்டு நாள் தோழியிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டாள்.

அதனால்தான் பயணத்துக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நாணய மாற்று விகிதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் செல்பேசி எண்ணைப் பற்றிக் கேட்பேன். கணக்கு யார் பெயரிலோ, எண்ணும் அவருடையதாக இருக்கட்டும். அந்த எண்ணில் ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். புது நாட்டில் புது சிம் வாங்கியதும் பழையதைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தால் அந்த எண்ணே கைவிட்டுப் போகும். அதோடு கணக்கின் சாவியும் போயிற்று. வங்கியின் செயலியை ஊரில் இருக்கும்போதே நிறுவி, ஒரு முறை பணம் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். சில செயலிகள் பதிவான எண்ணிலிருந்து குறுஞ்செய்தி போனால்தான் உயிர்பெறும். போன் தொலைந்து புதிது வாங்கினாலும் இதே சிக்கல்தான்.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா, காலாவதி தேதி படிப்பு முடியும்வரை தாங்குமா என்று பாருங்கள். மாற்றுக் கார்டைக் கடல் கடந்து அனுப்ப வங்கி எடுத்துக்கொள்ளும் நாட்களை நான் எண்ணியிருக்கிறேன், சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆகவே இரண்டு கார்டுகள், முடிந்தால் ஒன்று விசா, இன்னொன்று மாஸ்டர்கார்டு. இரண்டையும் ஒரே பர்ஸில் வைப்பவருக்கு ஒரு கார்டு இருப்பதாகவே நான் கணக்கு வைப்பேன்.

அங்கே ஏ.டி.எம்.மிலோ கடையிலோ கார்டைச் செருகியதும் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா, உள்ளூர் நாணயத்திலா? பழகிய நாணயத்தைப் பார்த்த நிம்மதியில் பலர் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கியோ கார்டு நிறுவனமோ அல்ல. அந்த இயந்திரத்தை நடத்துபவர்கள், தங்கள் லாபத்தையும் சேர்த்தே விகிதம் போடுகிறார்கள். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சில ஏ.டி.எம்.களில் இந்த விகிதத்தை மறுத்தால் பணமே வராது என்பதுபோல் திரை பயமுறுத்தும். மறுத்தாலும் பெரும்பாலும் பணம் வரும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டாகையால், சிறுசிறு தொகையாக எடுப்பதும் வீண். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது கடைசி வழி. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உள்ளூர் வங்கிக் கணக்கை முதல் வாரத்திலேயே தொடங்கப் பாருங்கள். முகவரிச் சான்று இருந்தால்தான் கணக்கு என்பார்கள். கணக்கு இருந்தால்தான் வீடு என்பார் வீட்டு உரிமையாளர். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை மற்றும் முகவரிக் கடிதம் இந்த முடிச்சைப் பெரும்பாலும் அவிழ்த்துவிடும், வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். ஜெர்மனி போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைப் போட்டிருந்தாலும், மாதத்துக்கு இவ்வளவு என்றுதான் அது வெளியே வரும். கணக்கில் மொத்தமாக இருக்கிறதே என்று போய் இறங்கி, வீட்டு முன்பணமும் முதல் மாத வாடகையும் ஒரே நாளில் கேட்கப்பட்டபோது விழித்தவர்கள் உண்டு. அந்த முதல் மாதத்துக்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும்.

கல்விக் கட்டணம் அனுப்புவதில் வரும் தலைவலி வேறு வகை. ஸ்விஃப்ட் என்பது வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் வலையமைப்பு. பணம் இடைத்தரகு வங்கிகள் வழியாக நகரும்போது, வழியில் உள்ள ஒவ்வொன்றும் தன் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் முழுத் தொகை அனுப்பியிருப்பீர்கள். பல்கலைக்கழகம் பாக்கி இருக்கிறது என்று கடிதம் போடும். அனுப்பும் படிவத்தில் கட்டணங்களை யார் ஏற்பது என்று மூன்று தேர்வுகள் இருக்கும்: அனுப்புபவர், பெறுபவர், இருவரும். கல்விக் கட்டணத்துக்கு அனுப்புபவரே ஏற்பதைக் குறியுங்கள். பெறும் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டில் இலக்கங்களையும் சேர்த்து 8 அல்லது 11 எழுத்துகள் இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் ஐபேன் என்னும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள், அமெரிக்க வங்கிகளில் அது கிடையாது, கணக்கு எண்ணோடு வங்கியை அடையாளம் காட்டும் 9 இலக்க ரூட்டிங் எண்தான். மாணவர் அடையாள எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுத மறந்தால், வந்த பணம் யாருடையது என்று தெரியாமல் அங்கேயே கிடக்கும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது அனுப்புங்கள். இரு நாட்டு விடுமுறைகளும் நடுவில் வரும்.

கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், உங்களுக்குத் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். திருட்டுக் கார்டில் கட்டிவிட்டு உங்களிடம் நல்ல பணம் வாங்கும் வேலை அது. கார்டின் உரிமையாளர் புகார் செய்ததும் பல்கலைக்கழகக் கணக்கில் உங்கள் பாக்கி மறுபடி முளைக்கும். அதைவிட மோசமானது, "உன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் வரும், ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடு" என்னும் பகுதிநேர வேலை. மோசடிப் பணத்தைக் கைமாற்ற உங்கள் பெயரை வாடகைக்கு எடுக்கிறார்கள். தெரியாமல் செய்தேன் என்றாலும் கணக்கு மூடப்படலாம், வழக்கும் விசாவும் சேர்ந்து இழுக்கலாம்.

படிப்பு முடிந்து திரும்பும்போது உள்ளூர் கணக்கை விமான டிக்கெட் தேதிக்கு முன் அவசரமாக மூடிவிடாதீர்கள். வீட்டு முன்பணமும் கூடுதலாகப் பிடித்த வரியும் பல நேரங்களில் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வரும். அவை வந்து சேர்ந்ததும் இணையத்திலோ கடிதம் மூலமோ மூட முடியுமா என்று வங்கியில் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாட்டு சிம்மையும் அதுவரை உயிரோடு வைத்திருங்கள்.