முதல் இரவில் இடறிய காது

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் நெடுநாள் ரசிகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர்களுடைய ஹாக்னி டயமண்ட்ஸ் ஆல்பம் வெளியான அன்று இரவே அதை முழுவதும் கேட்டாராம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கோ இடறுகிறது என்று பட்டிருக்கிறது. எங்கே என்று அவரால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. சில வாரங்கள் போன பிறகு அதே பாட்டுகள் அவரைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கின்றன. முதல் நாள் காது சொன்னதை நம்புவதா, இப்போது சொல்வதை நம்புவதா என்பது அவருடைய கேள்வி.

அந்த ஆல்பம் வந்தது 2023 அக்டோபர் 20 அன்று. 2016இல் பழைய ப்ளூஸ் பாட்டுகளை மட்டும் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதைக் கழித்துவிட்டால், 2005க்குப் பிறகு அவர்கள் புதிதாக எழுதிய பாட்டுகளின் முதல் தொகுப்பு இதுதான். இடைப்பட்ட காலத்தில், 2021 ஆகஸ்டில், 1963 முதல் அவர்களோடு டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் இறந்துபோனார். புதிய ஆல்பத்தின் 12 பாட்டுகளில் இரண்டில் மட்டுமே அவருடைய வாசிப்பு இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலும் ஸ்டீவ் ஜோர்டன் வாசிக்கிறார். பல பத்தாண்டுகளில் இதுதான் சிறந்தது என்று சில ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஒலி அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டிருக்கிறது என்று வேறு சிலர் குறைப்பட்டார்கள். சார்லி இல்லாமல் இது ஸ்டோன்ஸே அல்ல என்றவர்களும் உண்டு. இந்தக் கடைசிக் குரலைத் துக்கத்தில் எழுந்த புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். அதன் அடியில் அருமையான நரம்பியல் ஒன்று இருக்கிறது.

வாட்ஸின் கையை முதலில் பார்ப்போம். சாதாரண ராக் தாளத்தில் வலக்கை ஹை-ஹேட் தகடுகளைச் சீராகத் தட்டிக்கொண்டே போகும். இடக்கை நான்கு அடிச் சுற்றின் இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்நேர் மேளத்தில் விழும். வாட்ஸுக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது. இடக்கை ஸ்நேரில் விழும் அந்தக் கணத்தில் வலக்கையை ஹை-ஹேட்டில் படாமல் தூக்கிவிடுவார். அங்கே தகட்டின் ஒலி இருக்காது. ஸ்நேர் மட்டும் தனியாக ஒலிக்கும். கேட்பவர்களில் பெரும்பாலோர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய மூளை கவனித்திருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? 1978இல் பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் குழுவினர் ஓர் எளிய ஆய்வை வெளியிட்டார்கள். தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒருவரை ஒரே மாதிரியான ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது. இடையில் எப்போதாவது ஒருமுறை சற்றே மாறுபட்ட ஒலி வரும். வந்த சுமார் 100 முதல் 250 மில்லி விநாடிக்குள் மூளையிலிருந்து ஒரு சிறிய எதிர்மின் அலை எழும். கேட்பவர் ஒலியில் கவனம் வைத்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போதும் அலை எழுகிறது. மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி என்று அதற்குப் பெயர். பொருந்தாமை அலை என்று சொல்லிக்கொள்வோம். மூளை ஒலியை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை என்பதற்கு இது சாட்சி. அடுத்து என்ன வரும் என்று அது ஓயாமல் கணித்து, வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதில் என்னை மயக்கும் இடம் ஒன்று உண்டு. மாறுபட்ட ஒலி வரவேண்டும் என்பதுகூட இல்லை. வரவேண்டிய ஒலி வராமல் போனாலும் மூளை பதில் சொல்கிறது. எதுவுமே ஒலிக்காத ஒரு கணத்துக்கு அலை எழுகிறது! 2009இல் புடாபெஸ்டில் இஸ்த்வான் விங்க்லரும் உடன் பணியாற்றியவர்களும் பிறந்து இரண்டு மூன்று நாள்களே ஆன, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு டிரம்ஸ் தாளத்தைக் கேட்க வைத்தார்கள். ஹை-ஹேட், ஸ்நேர், பேஸ் டிரம் மூன்றும் சேர்ந்த, அசல் ராக் தாளம். அதில் தாளச் சுற்றின் முதல் அடியை அவ்வப்போது நீக்கினார்கள். உறங்கும் அந்தச் சிசுக்களின் மூளை அந்த வெற்றிடத்துக்கு எதிர்வினை காட்டியது. முக்கியமில்லாத அடிகளை விட்டபோது அப்படிக் காட்டவில்லை. உலகைக் கண்டு இரண்டு மூன்று நாளே ஆன மூளை, ஒரு தாளத்தில் எந்த அடி இல்லாமல் போகக் கூடாது என்று அறிந்திருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்தக் கணிப்பு அந்த நிமிடத்தின் நினைவை மட்டும் நம்பி நடப்பதன்று. 1997இல் நாட்டனென் குழு பின்லாந்துக்காரர்களையும் எஸ்தோனியர்களையும் ஒப்பிட்டது. எஸ்தோனிய மொழியில் உள்ள ஓர் உயிரொலி பின்லாந்து மொழியில் இல்லை. அந்த ஒலிக்கு எஸ்தோனியர்களின் மூளையில்தான் பொருந்தாமை அலை வலுவாக எழுந்தது. லகர, ளகர, ழகரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும். சிறுவயது முதல் கேட்டது காதின் அளவுகோலாகவே மாறிவிடுகிறது.

ஐம்பது ஆண்டுகள் ஸ்டோன்ஸைக் கேட்டவருக்கு வாட்ஸின் கை அப்படியொரு தாய்மொழி. அவர் விட்ட இடைவெளிகளும் அதன் எழுத்துகள்தாம். வேறொருவர் எவ்வளவு சிறப்பாக வாசித்தாலும் அடியின் இடமும் அழுத்தமும் நூலளவு மாறும். மாறவும் வேண்டும், அவரும் ஒரு கலைஞர் அல்லவா? கேட்பவரின் மூளை ஒவ்வொரு அடியிலும் பழைய அளவுகோலை வைத்துப் பார்க்கிறது. காரணம் தெரியாமல் இடறுகிறது என்று கடிதம் எழுதியவர் சொன்னது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். இசை என்ற நம் சொல்லுக்கே பொருந்துதல் என்ற பொருள் உண்டு. முதல் இரவில் அவருக்கு அது இசையவில்லை.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரே ஒலியை ஆயிரம் முறை ஒலிக்கவிட்டு அலையை அளப்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள், அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். அந்த அலை இன்று கோமாவில் கிடப்பவர்களின் படுக்கையருகே அளக்கப்படுகிறது. அது எழும் நோயாளி விழித்தெழும் வாய்ப்பு கூடுதல். 1978இல் இந்தப் பயனை விண்ணப்பப் படிவத்தில் எழுது என்று கட்டாயப்படுத்தியிருந்தால் ஆய்வே நடந்திருக்காது. பயன் தெரியும் முன்பே ஆர்வத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள்தாம் அறிவியலை வளர்க்கின்றன என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பொருந்தாமை எப்படி இன்பமாக மாறுகிறது என்பது அடுத்த பாதி. கனடாவின் மாண்ட்ரியாலில் ராபர்ட் சடோரே, வலோரி சலிம்பூர் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் தங்களுக்கு மிகப் பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அளந்தார்கள். உடல் சிலிர்க்கும் உச்சத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் அது சுரந்தது. உச்சம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, காடேட் என்ற வேறொரு பகுதியிலும் சுரந்தது. அதாவது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்கே தனியாக ஒரு பரிசு இருக்கிறது. பாட்டு பழகாத முதல் இரவில் அந்தப் பரிசு கிடைக்க வழி குறைவு.

இந்த ஆல்பத்திலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. லேடி காகாவும் ஸ்டீவி வொண்டரும் பங்கேற்ற ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன், ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. அது முடிந்துவிட்டது போல அடங்கி, பிறகு மறுபடி கிளம்பும். முதல் முறை கேட்பவருக்கு அது திகைப்பு. ஐந்தாம் முறை கேட்பவர் அந்த அடங்கலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பாட்டு அவருக்கு இரண்டு இடங்களில் இன்பம் தருகிறது.

அதே குழு 2013இல் முன்பின் கேட்டிராத பாட்டுகளை எடுத்துக்கொண்டது. 19 பேர், 60 பாட்டுத் துணுக்குகள், ஒவ்வொன்றும் 30 விநாடி. பிடித்ததைச் சொந்தப் பணம் கொடுத்து வாங்கலாம். எவ்வளவு கொடுக்க முன்வந்தார்கள் என்பதை நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் செயல்பாடு முன்கூட்டியே காட்டியது. அந்தப் பகுதி தனியாக இயங்கவும் இல்லை. பாட்டு எவ்வளவு பிடித்ததோ, அவ்வளவு நெருக்கமாக அது மூளையில் ஒலியை ஆராயும் பகுதியான ஒலிப் புறணியோடு பேசிக்கொண்டிருந்தது. அதுவரை கேட்ட இசையின் வடிவங்கள் ஒலிப் புறணியில் படிந்திருக்கின்றன என்று அவர்கள் கருதுகிறார்கள். புதிய பாட்டை ரசிப்பதற்கும் பழைய பாட்டுகளின் உதவி வேண்டியிருக்கிறது.

ஆகவே கடிதம் எழுதியவர் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. முதல் நாள் அவருடைய காது ஒரு மாற்றத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது. பிறகு அந்த மாற்றத்தையும் உள்வாங்கிப் புதிய கணிப்புகளைக் கட்டியெழுப்பியது. வெளியான இரவே தீர்ப்பு எழுதும் விமர்சகர்களைவிட, ஒரு மாதம் காத்திருக்கும் ரசிகரிடமே நான் கருத்துக் கேட்பேன்.

அவருக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆறாம், ஏழாம் பாட்டுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். வாட்ஸ் 2019இல் பதிவு செய்துவிட்டுப் போனவை ஏழாவதும் எட்டாவதும். எட்டாவதில் பழைய பேஸ் கிதார் கலைஞர் பில் வைமனும் அவரோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். ஹை-ஹேட்டை மட்டும் பின்தொடருங்கள். இடறிய இடத்தை உங்கள் விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.