50 ரூபாயும் இரண்டு மலையும்

கோப்பாயிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகளுக்கு ஆறு வயது. படம் கீறுறதெண்டால் உயிர். ஒவ்வொரு நாளும் கீறிப் பழகட்டும் எண்டு, ஒரு படத்துக்கு 50 ரூபாய் தாறன் எண்டனான். ரெண்டு கிழமை நல்லாக் கீறினவள். இப்ப காசைக் காட்டினாத்தான் கொப்பியைத் தொடுறாள். அதுவும் ரெண்டு மலை, நடுவில சூரியன், அவ்வளவுதான். நான் எங்க பிழை விட்டனான்?"

மலையைப் பிறகு பார்ப்போம். முதலில் காசு.

இந்த அம்மாவின் வீட்டில் நடந்தது அப்படியே ஒரு முன்பள்ளியில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்து முன்பள்ளி அது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெற் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். யாரும் சொல்லாமலே பெல்ட் (felt-tip) கலர்ப் பேனையை எடுத்துக் கீறுகிற பிள்ளைகளாகப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தார்கள். பிறகு மூன்றாகப் பிரித்தார்கள். முதற் குழுவிடம் நட்சத்திரமும் ரிப்பனும் போட்ட ஒரு அட்டையைக் காட்டி, "கீறினால் இது உனக்கு" என்றார்கள். இரண்டாம் குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கீறி முடித்த பிறகு அதே அட்டையைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு அட்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

ஒன்றிரண்டு கிழமை கழித்து, வகுப்பில் பேனைகளை வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். பரிசே இல்லாத குழுவும் எதிர்பாராமல் பரிசு பெற்ற குழுவும் விளையாட்டு நேரத்தில் 16 வீதத்துக்கு மேல் கீறுவதில் போக்கின. "கீறினால் தருவோம்" என்று முன்பே சொல்லப்பட்ட குழு 8.6 வீதம். கிட்டத்தட்ட அரைவாசி!

இரண்டாம் குழுவை ஒருக்கால் திரும்பப் பாருங்கள். எனக்கு இந்த ஆய்வில் ஆசை அந்த இடத்தில்தான். அதே அட்டை, அதே நட்சத்திரம், வாங்கியபோது அதே சிரிப்பு. ஆனால் கெடுதல் இல்லை. ஆக, நஞ்சு அட்டையில் இல்லை. முன்கூட்டிச் சொன்ன "கீறினால்" என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. ஏன்? நாம் ஒன்றை ஏன் செய்கிறோம் என்பது நமக்கே எப்போதும் நேரடியாகத் தெரிவதில்லை. பல வேளை செய்வதைப் பார்த்துத்தான் ஊகிக்கிறோம். பிள்ளையும் அப்படித்தான். பரிசு பேசப்படாதபோது "எனக்கு விருப்பம், கீறுறன்" என்பதைத் தவிர வேறு காரணம் அதற்குக் கிடைக்காது. பரிசு முன்னால் நின்றால் அந்தப் பரிசே காரணமாகிவிடும். பரிசு போனதும் காரணமும் போய்விடும்.

நல்லூரில் தேர் வடம் பிடிக்க எவ்வளவு நெரிசல்! ஒரு வருடம் யாரோ வந்து "வடம் பிடிப்பவருக்கு 1000 ரூபாய்" என்று அறிவித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி மலை. அதே ஆய்வில், யார் எந்தக் குழு என்று தெரியாதவர்களிடம் படங்களைக் கொடுத்துப் புள்ளி போடச் சொன்னார்கள். பரிசுக்காகக் கீறிய குழுவின் படங்கள்தான் குறைந்த புள்ளி வாங்கின. கூலிக்குக் கீறும்போது கெதியாக முடிகிற படம்தானே வரும்? மருந்துக்கும் மலையில்லாத யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குத் தெரிந்த மிகக் கெதியான படம் இரண்டு முக்கோணமும் ஒரு அரைவட்டமும்.

பரிசே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கீற விருப்பமே இல்லாத பிள்ளையைத் தொடக்கிவிட ஒரு இனிப்பு உதவலாம். ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைக்கு விலை பேசுவதுதான் வினை.

அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் கீற வைப்பது எப்படி? விருப்பம் வேறு, பழக்கம் வேறு. பழக்கத்துக்கு வேண்டியது ஒரு தூண்டல்: ஒரே நேரம், ஒரே இடம், முன்னால் நடக்கிற ஒரே செயல். திரும்பத் திரும்ப அந்த வரிசையில் செய்தால் மூளையின் ஆழத்திலுள்ள அடித்தளக் கருக்கள் (basal ganglia) என்ற நரம்புக் கூட்டங்கள் அதை ஒரே பொட்டலமாகக் கட்டிவிடும். பிறகு முதல் நுனி அசைந்தாலே மிச்சம் தன்பாட்டில் வரும். எத்தனை நாள்? 21 என்று சொல்வார்கள்; நம்பாதீர்கள். லண்டனில் 96 பெரியவர்களிடம் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. காய்ச்சலில் படுத்த பிள்ளையை எழுப்பிக் கீற வைக்க வேண்டாம்.

என் வீட்டில் தூண்டல் பின்னேரத் தேத்தண்ணி. குசினி வாசலில் பதிவான ஒரு பலகை, மூடியில்லாத பால்மா ரின்னில் கலர் பென்சில்கள், ஒரு பக்கம் அச்சடித்த பழைய கடதாசிகள். அலுமாரிக்குள் பூட்டி வைத்த 24 கலர்ப் பெட்டியைவிட அந்த ரின்னுக்கு வேலை அதிகம். தேத்தண்ணிக் கோப்பையை வைத்ததும் மகனின் கை தானாக ரின்னுக்குப் போகும். போவது இடக்கை. "சோத்துக் கையால கீறு" என்று அம்மம்மா இன்னும் சொல்லுவா. அது வெறும் மூடநம்பிக்கை. எந்தக் கையென்று பிள்ளையின் மூளை முடிவு செய்யட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. லெப்பர் குழுவின் பரிசோதனைச் சாமான் என்ன? பெல்ட் பேனை, கடதாசி, கொஞ்சம் அட்டை. ஆராய்ச்சிக்குக் காசில்லை என்று நாங்கள் புலம்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேனைகள்தான் ஞாபகம் வரும். வடமாகாணத்து முன்பள்ளி ஒன்றில் நாளைக்கே செய்யலாம். தேவை பொறுமையாகப் பார்க்க நாலு பேரும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு சின்ன நிதியும்.

கோப்பாய் அம்மாவுக்கு: இதுவரை கீறிய படங்களுக்குச் சொன்ன காசைக் கொடுத்து முடியுங்கள், கடன் வைக்க வேண்டாம். அடுத்த படத்துக்கு விலை சொல்லாதீர்கள். கொஞ்ச நாள் கொப்பியைத் தொடமாட்டாள். அதைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். நீங்களே பக்கத்தில் இருந்து உங்கள் வீட்டுக் கிணற்றடியைக் கீறத் தொடங்குங்கள். கப்பியைப் பிழையாகக் கீறினால் இன்னும் நல்லது, திருத்த வருவாள்.