மணலில ஓடினாலும் நம்பர் பிளேட் வேணும்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்தில வடமராட்சிக் கரையில இருக்கிற மணல்காட்டுப் பக்கம் போய்ப் பாருங்கோ, சவுக்கங்காட்டுக்கு அங்கால மணல்மேட்டில பொடியள் பைக்கை ஏத்தி இறக்கிக்கொண்டு நிப்பாங்கள், சிலதுக்கு நம்பர் பிளேட் இல்லை, சிலதில லைட் கழட்டியாச்சு, சைலன்சரும் இல்லை, ஏன் தம்பி இப்பிடி எண்டு கேட்டால் "இது றோட்டு இல்லைத்தானே அண்ணை" எண்டுதான் சொல்லுவாங்கள். என்ர மருமகனும் ஒரு பழைய பைக்கை வாங்கி வந்து வைச்சுக்கொண்டு இதைத்தான் சொன்னவன், அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதிவிடுறன்.

முதல் விசயம், எங்கட இலங்கையில வாகனப் பதிவுக்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அது றோட்டில ஓட்டினால் மட்டும் பதிஞ்சால் காணும் எண்டு சொல்லேல்லை, வாகனத்தை வைச்சிருக்கிறதுக்கும் பாவிக்கிறதுக்குமே ஆரின்ர பேரிலயாவது பதிவு இருக்கவேணும் எண்டுதான் சொல்லுது. அதோட மணல்மேட்டுக்குப் போறதெண்டால் முதல்ல சனம் போற றோட்டாலதானே போகவேணும், அந்தத் தூரத்துக்கு என்ன செய்யப்போறியள்? பந்தயத்துக்கெண்டே இருக்கிற பைக்குகளை அதாலதான் லொறியில ஏத்திக்கொண்டு போறவை.

இப்ப பழைய பைக் வாங்கிற கதை. எங்கட பக்கம் "ஓப்பன் பேப்பர்" எண்டு சொல்லி வித்தவர் கையெழுத்துப் போட்ட போர்மை மட்டும் வைச்சுக்கொண்டு வருசக்கணக்கா ஓடுற ஆக்கள் எத்தினை பேர். வாங்கி 14 நாளுக்குள்ள பேர் மாத்தக் குடுக்கவேணும். அது செய்யாட்டி பைக் இடிச்சாலும் களவு போனாலும் பொலிஸ் போறது பழைய சொந்தக்காரரிட்டத்தான், உங்களிட்ட அது உங்கட பைக் எண்டு காட்ட ஒண்டும் இராது. காசு குடுக்கமுன்னம் சீ.ஆர் புத்தகத்தை, அதுதான் பதிவுப் புத்தகத்தை, கையில வைச்சுக்கொண்டு பைக்கின்ர சட்டத்தில அடிச்சிருக்கிற சேசிஸ் நம்பரைப் பாருங்கோ. ஹாண்டிலுக்குக் கீழ கழுத்துப் பக்கத்தில இருக்கும், கடற்காத்துப் பட்ட பைக்கில கறள் பிடிச்சு ஒண்டும் தெரியாது, நான் மருமகன்ர பைக்குக்கு மண்ணெண்ணைத் துணியால துடைச்சு ரோச் அடிச்சுத்தான் ஒவ்வொரு இலக்கமா வாசிச்சனான், சேசிஸ் நம்பர் சரி, ஆனா எஞ்சின் நம்பர் புத்தகத்தில இருக்கிற நம்பர் இல்லை! எஞ்சின் மாத்தினால் அதைப் புத்தகத்தில பதியவேணும், நிறம் மாத்தினாலும் அப்பிடித்தான். ஆரோ மாத்திப்போட்டு பதியாமல் வித்திருக்கினம். இப்ப பேர் மாத்தமுன்னம் அதைச் சரிக்கட்டவேண்டிக் கிடக்கு.

பதிவு சரியெண்டால் மற்றது வருசாவருசம் எடுக்கிற ரெவனியூ லைசன்ஸ், அதாவது வாகன வரிப்பத்திரம், பிரதேச செயலகத்திலயும் எடுக்கலாம், ஒன்லைனிலயும் எடுக்கலாம். அதுக்கு இன்சூரன்சும் புகைச் சோதினைப் பத்திரமும் வேணும். இதில இன்சூரன்ஸ்தான் எனக்குப் பெரிசு. மூண்டாம் ஆள் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம், அது எங்களுக்காக இல்லை, எங்கட பைக் இடிக்கிற ஆளுக்காக. மணலில மீன் காயப்போட்டுக்கொண்டு இருக்கிற மனிசியையோ, மேட்டுக்கு அங்கால விளையாடிக்கொண்டு நிண்ட சின்னனையோ இடிச்சுப்போட்டால், பதியாத பைக்குக்கு ஆர் இன்சூரன்ஸ் தருவினம், அந்தக் குடும்பம் ஆரிட்டப் போய் நிக்கும்? இன்சூரன்ஸ் இல்லாமலோ ஓட்டுற லைசன்ஸ் இல்லாமலோ பிடிபட்டால் தண்டம் 25,000 ரூபாயில இருந்து தொடங்குது, ஆனா அந்தத் தண்டத்தை விட எனக்கு இந்தக் கேள்விதான் பயம்.

அந்த ஓட்டுற லைசன்சைப் பற்றி ஒண்டு. கார்டில இருக்கிற எழுத்துகளை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. ஏ எண்டால் மோட்டச்சைக்கிள், ஏ1 சின்னப் பைக்குகளுக்கு. லாண்ட்மாஸ்ரருக்கு, அதுதான் கையால பிடிச்சு ஓட்டுற இரண்டு சில்லு ரக்ரருக்கு, ஜி1, பெரிய ரக்ரருக்கு ஜி. வயலுக்குள்ள உழுதுபோட்டு அப்பிடியே றோட்டில ஏறி வீட்டை வாறனாங்கள்தானே, பைக் லைசன்ஸ் மட்டும் வைச்சிருக்கிற ஆள் அப்பிடி வந்தால் அது லைசன்ஸ் இல்லாமல் ஓடினதுதான். பெட்டிக்கும், அதுதான் ரெயிலருக்கும், தனிப் பதிவு இருக்கு. அதைவிட முக்கியம் பெட்டிக்குப் பின்னால ஒரு சிவப்பு ரிப்ளெக்டராவது ஒட்டுறது, இருட்டினாப்பிறகு வைக்கலோட போற பெட்டி பின்னால வாற ஆளுக்குக் கிட்ட வந்துதான் தெரியும், அப்ப பிரேக் பிடிக்க நேரம் இராது. ஹெல்மெட் பின்னால இருக்கிற ஆளுக்கும் சேத்துத்தான், மணலில விழுந்தால் நோகாது எண்டு சொல்லாதேங்கோ.

இனி அந்த மணலைப் பற்றி. அது சும்மா கிடக்கிற வெறும் நிலம் இல்லை. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கீழ இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல நல்லதண்ணியா நிக்குது, கரையோரச் சனம் கிணத்தில அள்ளிக் குடிக்கிறது அதைத்தான். மணலைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். ஒரு தடம் மேட்டுக்கு நேரா ஏறி இறங்கியிருந்ததை நான் கிட்ட நிண்டு பாத்தனான், கொடி ரயர் அகலத்துக்கு அறுந்து வேர் வெளியில கிடக்கு, அதுக்குள்ளால மணல் சரியத் தொடங்கீட்டுது, இனிச் சோளகக் காத்துத் தொடங்கினால் அந்த வாய்க்கால் பெருத்துக்கொண்டுதான் போகும். அதால ஓடுறதெண்டால் முதலே இருக்கிற பாதையில ஓடுங்கோ, கொடியில ஏறாதேங்கோ. ரக்ரரில மணல் ஏத்திறது வேற கதை, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு பெட்டி மணலும் தொட ஏலாது.

சுண்டிக்குளம் பக்கம் இன்னும் கவனம். 1938இல பறவைகள் சரணாலயமாக்கின இடம், 2015இல தேசியப் பூங்காவும் ஆக்கிப்போட்டாங்கள். அங்க அனுமதி எடுத்துத்தான் உள்ளுக்குப் போகலாம், பறவையள் வாற மாசங்களில வெட்டையில பைக்கை விட்டுக் கலைக்கிறது விளையாட்டில்லை.

கடைசியா, எங்கட பக்கத்து நாகர்கோவில், முகமாலைப் பக்கம் போற பொடியளுக்கு இதை நான் கும்பிட்டுச் சொல்லுறன். அது சண்டைக்கால முன்னரங்கு நிலம், மிதிவெடி எடுக்கிற வேலை கனவருசமா நடக்குது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, கட்டின நாடாவோ கண்டால் அதிலயே திரும்புங்கோ, வந்த பாதையாலயே வாங்கோ, குறுக்கால வெட்டாதேங்கோ. தெரியாமல் உள்ளுக்குப் போயிட்டியள் எண்டால் பைக்கை நிப்பாட்டி, கூட வந்தவையையும் அசையாமல் நிக்கச்சொல்லிப்போட்டு, 119க்கு அடியுங்கோ.